பன்னிரண்டு சுருளும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

நம் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். பத்து வரை படித்தவர்கள் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஐந்தோடு நின்றவர்கள் பக்கமிருந்துதான் ஒன்றும் வரவில்லை என்று நம்மோடு படித்த டயர்க் கடைக்காரன் வந்து சொன்னான். மேடையில் ஏற்றினால் எனக்கு வாய் திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுவதில் அந்தக் கஷ்டம் இல்லை, எதிரில் ஆள் கிடையாது. அதனால் நம் கூட்டத்தின் சார்பில் நான் எழுதுகிறேன். நம் எல்லோருக்கும் ஐம்பது வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

நாம் ஐந்தாவது படித்த வருஷம், பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று நம் டீச்சர் பிரசவத்துக்குப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் இரண்டு நாள் யோசித்துவிட்டு நம் பத்தொன்பது பேரையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பத்தாம் வகுப்பு அறையின் பின்பக்கத் தரையில் உட்கார வைத்தார். இருக்கிற அறைகளில் அதுதான் பெரியது. "சத்தம் போடாம நோட்டுல எதையாவது எழுதிக்கிட்டு இருக்கணும்" என்பதுதான் நமக்குச் சொன்ன ஒரே பாடம். பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிட்டார் என்று தெருவில் எல்லா அம்மாக்களும் தலைமையாசிரியரைத் திட்டினார்கள். என் அம்மாவும் திட்டினாள். எனக்குக் கிடைத்த படிப்பில் பாதி அந்தத் தரையில் கிடைத்ததுதான்.

அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கிறதா? சுவரில் துணியில் ஒட்டிய உலகப் படம் தொங்கும். ஆஸ்திரேலியாவைக் கரையான் தின்றிருந்தது. இந்தியா இருக்கவேண்டிய இடம், வருஷக்கணக்காகக் கம்பு பட்டுப் பட்டு, வெளுத்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியே சுவரின் சுண்ணாம்பு தெரியும். நான் ரொம்ப நாள் இந்தியா வெள்ளை நிறம் என்றே நினைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்புக்குச் சமூகவியல் எடுத்த டீச்சர் அந்த வருஷம்தான் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வருவார். சின்ன உருவம், பெரிய குரல். ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். வெயிலுக்கும் அதுதான், படத்தில் நாடுகளைக் காட்டுவதற்கும் அதுதான்.

அன்று அவர் நடத்தியது பன்னாட்டு வணிகம். புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் முன் பெஞ்சில் ஒரு அண்ணன் தூங்கி விழுந்தான். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, குடைக் கம்பியால் அவன் தோளைத் தட்டினார்.

"ஏலே, ஒங்க தெருவுல என்ன சத்தம் கேக்கும்?"

"தறிச் சத்தம், டீச்சர்."

"என்ன நெய்யுதாங்க?"

"பேண்டேஜ் துணி."

"அது எங்க போகுது?"

"களத்துக்கு. வெளுத்துக் காயப் போடுவாங்க."

"பொறவு?"

"லாரிக்கு."

"லாரி எங்க போகுது?"

அவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஜன்னலோரத்து அக்கா ஒருத்தி எழுந்து, "வளைவு திரும்புற வரைக்கும் தெரியும், டீச்சர். அதுக்கு மேல தெரியாது" என்றாள். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "அந்த வளைவுக்கு அங்கிட்டுதாம்ட்டி பாடமே இருக்கு" என்றார்.

மறுநாள் பெஞ்சுகள் நாடுகளாகிவிட்டன. முன் பெஞ்சு இந்தியா. அதற்குப் பருத்தியும் துணியும் கொடுத்தார். ஜன்னலோரம் ஜெர்மனி. தையல் மெஷினின் உடைந்த பாகம் ஒன்று அவர்களிடம் இருந்தது, அதுதான் அவர்களுடைய இயந்திரத் தொழில். நடு பெஞ்சுக்கு மண்ணெண்ணெய்ப் பாட்டில். இன்னொரு பெஞ்சுக்கு ஒரு படி கோதுமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி வந்த பால்கோவா இலைப் பொட்டலத்தை இந்தியாவிடமே கொடுத்தார். ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. கரையான் தின்ற நாடு வேண்டாம் என்றார்கள்.

"டீச்சர், சரக்க யாரு கொண்டுபோவா?" என்று ஒருவன் கேட்டான்.

டீச்சர் பின்பக்கம் பார்த்தார். "கீழ ஒக்காந்திருக்க சின்னதுக எல்லாம் கப்பல்."

நாம் கப்பலானது அப்படித்தான். சுவரோரம் கடல். குறுக்கே போகக் கூடாது, சுற்றித்தான் போகவேண்டும். வழியில் நிற்கக் கூடாது. முக்கியமான சட்டம், கப்பல் பேசக் கூடாது. சீட்டில் எழுதியிருப்பதைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னால் குறையில்லாமல் செய்ய முடிந்த முதல் வேலை அது.

என் அக்கா அப்போது பத்தாவதில் இருந்தாள். அவளைக் கதவருகே சுங்கச் சாவடியாக உட்கார வைத்திருந்தார்கள். வீட்டில் என் பென்சிலையே பிடுங்குகிறவள், அங்கே அதிகாரமும் கிடைத்துவிட்டது.

"எந்த ஊருக் கப்பல்?"

சீட்டைக் காட்டினேன்.

"என்ன சரக்கு?"

பொட்டலத்தைக் காட்டினேன். பிரித்தாள், பார்த்தாள், என் சட்டைப் பையைத் தடவினாள், என் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள். "டீச்சர்! கப்பல் சரக்கத் தின்னுருக்கு!"

அதன் பிறகு பால்கோவா ஏற்றும் கப்பல்கள் புறப்படும்போதும் சேரும்போதும் வாயைத் திறந்து காட்டவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. என்னால் வந்த சட்டம்.

இந்தியாவின் பணம் புளியங்கொட்டை. ஜெர்மனியின் பணம் சட்டைப் பித்தான். ஒரு பித்தானுக்கு எத்தனை புளியங்கொட்டை என்று தினமும் காலையில் பலகையில் எழுதிப் போடுவார். ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒருநாள் புளி கமிஷன் கடைக்காரர் மகன் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்து தன் பெஞ்சில் பங்கு வைத்தான். இந்தியாவில் எல்லோரும் பணக்காரர்கள். காலையில் பத்துக் கொட்டைக்கு விற்ற பால்கோவா மதியம் இருநூறு கொட்டை. பித்தான்காரர்கள் கொட்டையைத் தொடவே மாட்டோம் என்றார்கள். புளிக்கடைக்காரர் மகன் மேசையைத் தட்டிக் கத்தினான்: "ஏன் டீச்சர், எம்புட்டு வச்சிருக்கேன், ஒண்ணும் வாங்க முடியலயே!" டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதத்தாம்லே அஞ்சு பக்கம் எழுதி வச்சிருக்கான், இப்பப் போயிப் படி."

பின்னாளில் டீவியில் எந்த நாட்டுப் பணம் சரிந்தது என்று செய்தி வந்தாலும் எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வரும். எனக்கு அது புரியும். பெரிய படிப்புப் படித்த என் மருமகனுக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன்.

இனி அம்மாவைப் பற்றி.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பேண்டேஜ் கம்பெனி. அம்மா அங்கே பேக்கிங்கில் இருந்தாள். நெய்த துணியைக் காஸ்டிக் சோடா போட்டுப் பெரிய தொட்டியில் வேகவைத்து, வெளுத்து, அலசி, களத்தில் நீளநீளமாக விரிப்பார்கள். மேற்கே மலை, இந்தப் பக்கம் தரை முழுக்க வெள்ளை. காற்றடித்தால் பிளீச்சிங் வாசனை வகுப்பறைக்குள் வந்து மூக்கில் ஏறும். காய்ந்ததை வெட்டி, சுருட்டி, ஊதாத் தாளில் பொதிவது அம்மாவின் வேலை. அந்த ஊதாத் தாளை இப்போது எங்கேயும் காணோம். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். நம் நோட்டுகளுக்கெல்லாம் அதில்தான் அட்டை போட்டிருந்தோம்.

முதலாளி அதுவரை பம்பாய் ஏஜெண்டுக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நேரே வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்க முடிவு செய்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி சாம்பிள் கேட்டிருந்தது. பன்னிரண்டு சுருள். அம்மா கையால் சுருட்டியதுதான் ஒரே சீராக இருக்கும் என்பதால் அவளிடம் கொடுத்தார்.

"இந்த ஆர்டர் வந்துட்டா பேக்கிங்குக்கு நீதாம்மா பொறுப்பு" என்றாராம். "வரலன்னா மூணு பேரக் கொறச்சாகணும். கடைசியா வந்தவ நீ. சொல்லிட்டேன்."

அம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா லாரியில் இருந்தார், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், வருகிறபோது கையில் இருப்பது அவருக்கே போதாது. அம்மாவுக்கு வேலை இருந்தால் அக்கா பதினொன்று போவாள். வேலை போய்விட்டால் அக்கா நூல் மில்லுக்குப் போவாள். எங்கள் வீட்டில் அது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்த விஷயம்.

டீச்சருக்கு இந்தச் சாம்பிள் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. முதலாளி பள்ளிக் கமிட்டியில் இருந்தவர். நேரே போய்க் கேட்டார். "ஒரு காலைப்பொழுது குடுங்க சார். நெஜமா ஜெர்மனி போற துணிய பிள்ளைக கண்ணால பாக்கட்டும்." முதலாளிக்குப் பெருமை. சாயங்காலம் தபாலில் சேரவேண்டும், மதியத்துக்குள் திரும்ப வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

அன்று ஜெர்மனிக்குப் போன கப்பல் நான்தான். அட்டைப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திச் சுவரோரமாக நடந்தேன். அக்கா சுங்கத்தில் எழுந்து நின்று, பெட்டியைத் திறக்காமலே வழிவிட்டாள். அம்மா சுருட்டியது என்று அவளுக்கும் தெரியுமே. ஜன்னலோரத்தார் பத்திரமாக வாங்கி ஒவ்வொரு சுருளாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள்.

மணி அடித்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, பேசாத கப்பலே. ஒங்க அம்மாட்ட கொண்டுபோய்க் குடுத்துருதியா?" தலையாட்டினேன்.

கம்பெனிக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பெட்டியை அம்மியின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் புதுத்துணி. வீட்டைவிட்டு வெளியே போகிற துணி. யாரோ காயம்பட்டவர் மேல் சுற்றப்போகிற துணி. ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

தீபாவளிச் சட்டையாக இருந்தாலும், பள்ளிக்கூடத்து டவுசராக இருந்தாலும், ஒரு ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் அம்மா எங்களை உடுத்த விட்டதில்லை. நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே. அவசரத்தில் அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மஞ்சள் இல்லாமல் போனால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கொட்டாங்கச்சியில் ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். தாளைப் பிரித்து, முதல் சுருளின் ஓரத்தில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். வைத்த விரலை எடுப்பதற்குள் மஞ்சள் சிவந்தது. என் கண் முன்னால், குங்குமம் மாதிரி.

பயப்படவில்லை. மஞ்சளைச் சாமி குங்குமமாக்கித் தந்துவிட்டது என்று அத்தனை சந்தோஷம். பன்னிரண்டுக்கும் வைத்தேன். பன்னிரண்டும் சிவந்தன. கொல்லையில் வெயில் காட்டி, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா பெட்டியை வெள்ளைத் துணியில் பொதிந்து சாக்கு ஊசியால் தைத்தாள். தையல் மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். அரக்குப் புகையின் வாசனை எனக்கு இன்னும் பிடிக்கும். பக்கத்து மேசையில் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருத்தி இருந்தாள். "ஏமிரா, நோரு லேதா?" என்று எப்போதும் என்னைச் சீண்டுவாள். வாய் இல்லையா என்று அர்த்தம். அன்று அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினேன். என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது.

மாசி போயிற்று. அய்யனார் கோவில் ஆற்றில் பாறை மட்டும் கிடந்தது. தெருக் குழாயில் குடத்துக்குச் சண்டை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, சாம்பிள் பெட்டியைத் தொட்டவர்கள் எல்லோரும் கம்பெனிக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தது. டீச்சர், அக்கா, ஜெர்மனிப் பெஞ்சு, தொட்டவர் தொடாதவர் என்று பார்க்காமல் நம் கப்பல்கள் எல்லோரும் போனோம். பேக்கிங் மேசையின் அந்தப் பக்கம் அம்மா நின்றாள்.

மேசை மேல் ஒரு கடிதம். அதோடு கத்தரித்த துணித் துண்டு ஒன்று, ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு பொட்டு. கணக்கர் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். "பன்னெண்டுலயும் கறை இருக்காம். ரத்தக் கறை மாதிரி தெரியுதாம். கட்டி அவுத்த பேண்டேஜத் தொவச்சு அனுப்புனீங்களான்னு கேட்டிருக்கான்."

துணித் துண்டு கைமாறியது. வெளுப்பு மேஸ்திரி முகர்ந்து பார்த்து, துரு என்றார். கணக்கர் ரத்தமேதான் என்றார். எதிர்க் கம்பெனிக்காரன் ஆள் வைத்துச் செய்தது என்றார் முதலாளியின் தம்பி. மஞ்சளிலேயே பிறந்து வளர்ந்த அத்தனை பேர் அங்கே நின்றோம். சிவப்பாக இருந்ததால் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலாளி டீச்சர் பக்கம் திரும்பினார். "பிள்ளைக வெளாடுறதுக்கா டீச்சரம்மா நான் குடுத்தேன்? எவனுக்குக் கையில அடிபட்டிருந்துச்சோ!"

நம்மை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். மேஸ்திரி ஒவ்வொரு கையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். டயர்க் கடைக்காரனே, உன் முழங்கையில் ஒரு பழைய காயத் தழும்பு இருந்தது. "இந்தா இருக்கான்" என்று உன்னை இழுத்து முன்னால் விட்டார். நீ அந்தப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, அன்றைக்கு நீ மண்ணெண்ணெய்க் கப்பல். நீ அழுதாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்புப் பொட்டைக் கண்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய்தான் எனக்கு எப்போதும் தாமதம்.

"டீச்சரம்மா விசயத்த நான் கமிட்டியில பேசிக்கிடுதேன்" என்றார் முதலாளி. பிறகு அம்மாவைப் பார்த்து, குரலை இறக்கி, "நீ நாளையில இருந்து வர வேண்டாம்மா."

அம்மா இடுப்பில் கயிற்றில் தொங்கிய கத்தரிக்கோலை அவிழ்த்து மேசை மேல் வைத்தாள். இரும்பு பலகையில் படும் சத்தம் கேட்டது.

"மஞ்சள்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். டீச்சர் குடையை உயர்த்தினார். "செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க. கப்பல் என்னமோ சொல்லுது."

"மஞ்சள். நாந்தான் வச்சேன்."

மேஸ்திரி சிரித்தார். "ஏலே, மஞ்ச மஞ்சளாத்தாம்லே இருக்கும். இது செவப்பு."

"வச்ச ஒடனே செவந்துருச்சு. புதுத்துணில்லா. அம்மா வைக்க மறந்துட்டா. சாமி குங்குமமாக்கிருச்சுன்னு நெனச்சேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. துணித் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மொதலாளி" என்றாள். "ஆரத்தி கரைக்கையில மஞ்சத் தண்ணி தானாச் செவக்காது. சுண்ணாம்பு போட்டாத்தான் செவக்கும். இதுல சுண்ணாம்பு போட்டது ஆரு?"

அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"காரத்துக்கு மஞ்சள் செவக்கும்னு சயின்ஸ் புத்தகத்துலயும் இருக்கு, டீச்சர்" என்றாள் அக்கா. டீச்சர், "இரு, பாத்துருவோம்" என்றார்.

தெலுங்கு அத்தை மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். குழைத்து, முதலில் முதலாளியின் கைக்குட்டையில் வைத்தார்கள். மஞ்சள். போன வருஷத்துப் பேண்டேஜில் வைத்தார்கள். மஞ்சள். களத்திலிருந்து நேற்று வந்த துணியில் வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. அந்தத் துணி பேல் கட்டிச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"எத்தன அலசு?" என்று முதலாளி மேஸ்திரியைக் கேட்டார்.

"மூணு."

"மேஸ்திரி."

"ரெண்டு" என்றார் மேஸ்திரி. "பொங்கலுக்குப் பொறவு ரெண்டுதான். கெணத்துல தண்ணி எங்க இருக்கு? கொஞ்சம் காஸ்டிக் தங்கும். காயத்துல போட்டா லேசா எரியும், அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. முதலாளி கேட்கவேண்டிய கேள்வி அது. அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, மேசை மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து மறுபடியும் இடுப்பில் கட்டிக்கொண்டாள். யாரும் கட்டச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டி முடித்த பிறகுதான் என் பக்கம் வந்து தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. மேஸ்திரி உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார், டயர்க் கடைக்காரனே. தெலுங்கு அத்தைதான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை டீச்சர் அந்தக் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பதில் எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டிருந்தார். என்ன எழுதலாம் என்று டீச்சர் எல்லோரையும் கேட்டார். புளிக்கடைக்காரர் மகன், "துருன்னு எழுதிருவோம் டீச்சர், கௌரவமா இருக்கும்" என்றான். ஜெர்மனிப் பெஞ்சு அக்கா எழுந்து, "நாங்க ஜெர்மனி. துருன்னு சொன்னா அடுத்த தடவ வாங்க மாட்டோம்" என்றாள்.

"மஞ்சள்னு சொன்னா?"

"சிரிப்போம். ஆனா அலசலைங்கிறதையும் சொன்னா, அலசிட்டு அனுப்புன்னு சொல்லுவோம்."

அப்படியே எழுதினார்கள். எங்கள் ஊரில் புதுத்துணிக்கு மஞ்சள் வைப்போம், ஒரு சிறுவன் வைத்துவிட்டான், அது சிவந்ததால்தான் துணியில் காரம் இருப்பது எங்களுக்கே தெரிந்தது, அலசி மறுபடி அனுப்புகிறோம். முழுசாக ஒரு பக்கம்கூட இல்லை. உறையில் ஒரு சின்னப் பொட்டலம் மஞ்சளையும் டீச்சர் வைத்தார். அவர் கிறிஸ்தவர். அவர்கள் வீட்டில் புதுத்துணியை வேதப் புத்தகத்தின் மேல் வைத்து ஜெபம் செய்துவிட்டுத்தான் உடுத்துவார்களாம். "எங்க அம்மா இருந்திருந்தா இந்தப் பெட்டிக்கும் ஜெபம் பண்ணியிருப்பா. நல்ல வேள, ஜெபம் கறை புடிக்காது" என்று சொல்லிச் சிரித்தார்.

கப்பல் விளையாட்டு அதோடு நின்றது. கமிட்டியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இரண்டு அலசு விஷயத்தை முதலாளி அங்கே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஜூனில் டீச்சர் வரவில்லை, சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள். ஆனால் அந்த வருஷம் பரீட்சையில் பணவீக்கம் கேட்டிருந்தார்கள் என்றும், புளிக்கடைக்காரர் மகன் நாலு பக்கம் எழுதினான் என்றும் அக்கா சொன்னாள்.

அக்கா பதினொன்று போனாள், பன்னிரண்டும் முடித்தாள். இப்போது கோவில்பட்டியில் தபால் ஆபீசில் பார்சல் வாங்குகிற இடத்தில் இருக்கிறாள். இன்னமும் பிரித்துப் பார்க்கிற குணம் போகவில்லை. நான் ஆறாம் வகுப்புக்கு இரண்டு வாரம் போனேன். எழுந்து நின்று ஆங்கிலம் வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்காததைத் திமிர் என்று அந்த வாத்தியார் நினைத்தார். நான் நின்றுவிட்டேன். அதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை. வளர்ந்த பிறகு அதே கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தேன். துணி என்னைப் பேசச் சொல்வதில்லை.

இப்போது கம்பெனியில் முதலாளியின் பேரன் லேப் வைத்திருக்கிறான். காரம் பார்க்கக் கருவி இருக்கிறது, கோட் போட்ட பெண் ஒருத்தி எண்ணைப் பார்த்து எழுதுகிறாள். துணி பத்துப் பதினைந்து நாட்டுக்குப் போகிறது. போன மாதம் நம் பள்ளிக்கூடத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். ஏற்றுமதி எப்படி நடக்கிறது என்று பார்க்க. என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. ஒரு வேஸ்ட் துண்டை எடுத்து மேசையில் போட்டு, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்தேன். ஒரு பையன், "எதுக்குண்ணே இது?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இவ்வளவு நேரம் எழுதியது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பங்குனியில் இரண்டாம் தடவை சாம்பிள் தயாரானபோது, முதலாளி தண்ணீர் லாரி வரவழைத்தார். மூன்று அலசு போதும் என்றார் மேஸ்திரி. அம்மா தொட்டிப் பக்கத்திலேயே நின்று நாலாவது அலசும் போட வைத்தாள். காய்ந்து வந்ததும் பன்னிரண்டு சுருட்டினாள். மீதி வந்த துண்டை மேசையில் விரித்து, எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டாள். "வாடா. இப்ப வையி."

மேஸ்திரி வந்து நின்றார். முதலாளி வந்து நின்றார். தெலுங்கு அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொட்டாங்கச்சியில் விரலைத் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிட்டு விரலை எடுத்தேன். எல்லோரும் குனிந்தார்கள். சிவக்கும் சிவக்கும் என்று ரொம்ப நேரம் பார்த்தோம்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஆடியில் ஆர்டர் வந்தது.

இன்று காலையும் ஒரு துண்டில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளாகவே இருந்தது. அனுப்பச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.